தலைதட்டி ஒரு ஸ்பூன்

மருந்துத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சின்னவள் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள். அதை வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், அம்மாவை மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். உள்ளறையில் உறவுக்காரப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை மேடை முழுக்க யார் யாரோ கொண்டுவந்த பிளாஸ்க்குகளும் காகிதக் கோப்பைகளும். அம்மாவின் தலைமாட்டில் இருந்த குட்டி மேசையை எடுத்துவிட்டால் இன்னும் நாலு நாற்காலி போடலாம் என்று அண்ணன் சொல்ல, மேசை எங்கேயோ போய்விட்டது. அதன் மேலிருந்த தட்டு மட்டும் இவள் கையில் தங்கிவிட்டது. எதிரே வந்தவர்கள் குடிக்க ஏதோ வருகிறது என்று கையை நீட்டினார்கள். மாத்திரை அட்டைகளைக் கண்டதும் அசடு வழிந்தபடி இழுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் குளியலறைக்கு வெளியே, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் தட்டில் என்ன இருக்கிறது என்றே பார்த்தாள். ரத்தக்கொதிப்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை, காதுக்கு விடும் சொட்டு மருந்து, உறையில்லாத ஒரு தெர்மாமீட்டர். இவற்றுக்கு நடுவில், பழைய காபித்தூள் பாட்டிலில், முக்கால் அளவுக்கு முருங்கையிலைப் பொடி.

அந்த பாட்டிலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மூடியைத் திறந்ததும்தான் திக்கென்றது. பொடி நல்ல பச்சையாக இருந்தது.

சின்னவளுக்கு பெயின்ட் கடையில் வேலை. சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்று நிற்பார்கள். கம்ப்யூட்டர் ஓர் அளவு சொல்லும். இவள் அந்தச் சில்லை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு சொட்டு மஞ்சள் என்பாள். நிறத்தைப் பொறுத்தவரை அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முருங்கைப் பொடி நாள்பட்டால் பச்சை வெளுத்துக் காக்கிக்குப் போய்விடும். அவள் கடைசியாக அரைத்துக் கொடுத்தது போன வருஷம். இதுவோ இந்த மாதத்துப் பச்சை. கீரை வாசனையே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு அரைத்த பச்சை.

மூடியை இறுக்கித் திருகினாள்.

முருங்கையை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவள்தான். அம்மாவுக்கு ரத்தம் குறைந்து நகமெல்லாம் வெளிறிப்போயிருந்த சமயம் அது. சின்னவள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கை மரம் நின்றது. கொத்துக் கொத்தாக ஒடித்து, அலசி, ஈரம் போகத் துடைத்து, துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காயவைப்பாள். வெயிலில் போட்டால் நிறமும் போகும், சத்திலும் பாதி போகும். தொட்டால் நொறுங்கும் பதம் வந்ததும் காம்பை நீக்கி, அரைத்து, சலித்து எடுப்பாள். ஒரு மூட்டை இலை ஒரு பாட்டிலில் வந்து நிற்கும். இலையாக இருக்கும்போது ஒரு பிடியில் இருக்கும் சத்து, தண்ணீர் வற்றிப் பொடியானதும் ஒரு ஸ்பூனில் அடங்கிவிடும் என்று போனில் அப்பாவுக்குச் சொன்னாள். இரும்பு, சுண்ணாம்பு, புரதம், கண்ணுக்கான வைட்டமின் என்று அவள் அடுக்கியதை அப்பா மனப்பாடமே செய்துவிட்டார். தபால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வரை ஒருவரும் தப்பவில்லை. சூப்பில் போடலாம், முட்டையோடு அடிக்கலாம், ரொட்டி மாவில் பிசையலாம், மிஞ்சிய காம்பைச் செடிக்கு உரமாகப் போடலாம் என்று பாடம் நடத்திவிட்டுத்தான் கையெழுத்தே போடுவார்.

அப்பா லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. அடுப்படியில் அந்தத் தராசுக்குத் தெரிந்ததெல்லாம் பிரிஜ்ஜைத் திறப்பதும் மூடுவதும்தான். அப்படிப்பட்ட மனிதர் இந்தப் பொடிக்காக வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டார். ஸ்பூனில் பொடியை எடுத்து, கத்தியின் முதுகால் வழித்து, தலைதட்டி ஒரு ஸ்பூன். அதைக் கலக்கிக் கொடுப்பார். குடித்து முடித்ததும் டம்ளரில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றி, அடியிலதான் சத்து நிக்கும் என்று மறுபடி நீட்டுவார். எடைமேடையில் ஒரு கிலோ கூட விட்டுக்கொடுக்காத மனிதர், அரை ஸ்பூன் சத்தையா டம்ளரில் விட்டுவிடப் போகிறார்?

ஆரம்பத்தில் அவருக்கு அடிக்கடி மறந்துபோனது. அப்போதுதான் சின்னவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சமையலறை அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து அம்மாவின் மருந்துத் தட்டில் வைத்தாள். இங்கே இருந்தால் மாத்திரையோடு ஞாபகம் வரும் என்று சொன்னாள். அதன் பிறகு அவர் மறக்கவே இல்லை.

கோடையில் அம்மாவின் கால் வீங்கியது. சிறுநீரகம் பாதிக்குமேல் கெட்டுவிட்டது என்றார்கள். சின்னவளும் அப்பாவும்தான் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். கீரை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் என்ற உப்பு இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவருடையது தள்ளாது, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்று முதல் வீட்டுக்குள் ஒரு கீரைக்கட்டு வரவில்லை. கீரை எதுவும் தரலையே என்று சின்னவள் போனில் கேட்கும்போதெல்லாம், ஒரு இலை உள்ள வரலை என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் பொய் சொல்லவில்லை. கீரை சமையலறையில் இருப்பது, அதை நிறுத்திவிட்டார். பொடி மருந்துத் தட்டில் இருப்பது. மருந்தை யார் நிறுத்துவார்கள்? அந்த பாட்டில் எப்போதோ தீர்ந்திருக்கும் என்று இவளும் அதைப் பற்றிக் கேட்காமலே விட்டாள். தன் வீட்டு மரத்தில் கிளைகள் குறைவதைப் பார்த்து மின்கம்பி ஆட்கள்தான் வெட்டிப் போடுகிறார்கள் என்று நினைத்து, இரண்டு முறை அவர்களைத் திட்டியும் இருக்கிறாள். அந்த வீட்டுச் சாவி ஒன்று அப்பாவிடம் இருப்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. காலையிலிருந்து அவர் அழவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். இப்போது வந்திருந்தவர் எடைமேடைக் காலத்துச் சிநேகிதர், வயதான லாரி டிரைவர். அவருக்கும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

"ஒரு நாள் தவறினதில்லப்பா. இன்னிக்குக் காலையிலகூட கலக்கிக் குடுத்தேன். டம்ளரைக் கையில வாங்கிக்கிட்டு, போய்த் தண்ணி கொண்டாங்கன்னா. வந்து பார்க்கறேன், குடிச்சு முடிச்சிருந்தா. அலசிக் குடுத்தேன், அதையும் குடிச்சா. அப்புறம் சாஞ்சவதான்."

டிரைவர் அவர் தோளைத் தட்டி, உன்னை மாதிரி யாருய்யா பார்த்துப்பாங்க என்றார். அப்பா தலையை ஆட்டி ஆமோதித்தார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் எல்லாரிடமும் சொல்கிறார் என்று சின்னவளுக்குப் புரிந்தது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டோம் என்பது ஒன்றுதான் இன்றைக்கு அவரிடம் மிச்சம். அதையும் பறித்துவிடக்கூடிய பாட்டில் இவள் கையில் இருந்தது.

இதில் அண்ணன் வேறு. அவனுக்குக் கோபம் மூக்கின் மேல். அப்பாவின் பேச்சைக் காதில் வாங்காமல், வாசலும் போனுமாக, காலையிலிருந்து யார் மேல் பழி போடலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். இப்போதைக்கு ஆஸ்பத்திரி மாட்டியிருந்தது. இந்த பாட்டிலைப் பார்த்தானானால், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அம்மாவின் முன்னாலேயே அப்பாவிடம் கேட்டுவிடுவான். சின்னவள் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த அம்மாவின் அழுக்குத் துணிகளுக்குள் பாட்டிலைச் செருகினாள்.

மூடியை மூடவும் அவன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. வண்டி வர இன்னும் நேரமாகும் என்றான். பிறகு சட்டென்று, அப்பா சாப்பாட்டில் ஏதாவது மாற்றிக் கொடுத்துவிட்டாரா, கீரை எதுவும் கொடுக்கவில்லையே என்று கேட்டான்.

"கீரையை அன்னிக்கே நிறுத்திட்டாருண்ணா."

சொன்னது உண்மைதான். அவன், அப்ப அந்த டாக்டரைத்தான் கேட்கணும் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மாடி வீட்டு நர்ஸ் பின்பக்கப் படியில் இறங்கி வந்தாள். அம்மாவுக்கு ஊசி போடுவதும் ரத்தக்கொதிப்பு பார்ப்பதும் அவள்தான். காலையில் அப்பா போட்ட சத்தத்துக்கு ஓடிவந்து, அம்மாவின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தவளும் அவளே. சின்னவள் அவளை மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய், மென்று விழுங்கி, ஒருவழியாகக் கேட்டாள்.

"அக்கா, தினம் ஒரு ஸ்பூன் முருங்கைப் பொடி. அதனால இப்படி ஆகுமா?"

நர்ஸ், பாட்டிலைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"ஆகவும் ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். உங்கம்மா இருந்த நிலைமைக்கு, ஒண்ணுமே குடிக்கலைன்னாலும் இது நடந்திருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தா ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமா, அப்பா குடுக்கறது?"

தெரியும் என்றாள். ஊசி போட வந்த ஒரு நாள் பார்த்தாளாம். இது கூடாது, நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பியவளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாளாம்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்குன்னு ஒரு வாய் தண்ணி மோந்து குடுத்ததில்ல. இப்பத்தான் அடுப்பைப் பத்தவைக்கக் கத்துக்கிட்டிருக்காரு, இதைப் போய் நிறுத்தச் சொல்றியேன்னாங்க. நான் விடலை. அப்புறம்தான் ஒரு வழி சொன்னாங்க. தண்ணி கொண்டான்னு அவரை உள்ள அனுப்பிட்டு, ஜன்னல்ல இருக்கற தொட்டியில ஊத்திடறேன், அலசித் தர்றதை மட்டும் அவர் எதிர்ல குடிச்சுக்கறேன்னாங்க."

சின்னவளுக்கு மூச்சு வந்தது. உடனே அந்த மூச்சு நின்றது. தினமும் ஊற்றினாளா என்று கேட்டாள்.

"ஊத்தறேன்னாங்க. ஊத்தினாங்களா, அவர் முகத்தைப் பார்த்துட்டுக் குடிச்சாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்கம்மா சுபாவம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதானே குழப்பம். பிடிக்காத சேலையை நன்றாக இருக்கிறது என்று வாங்கி, அதை அலமாரியில் மறைத்தும் வைப்பாள், அப்பா வெளியூர் கூட்டிப்போகும் நாளில் எடுத்துக் கட்டியும் கொள்வாள்.

சின்னவள் முன்னறைக்குப் போனாள். அம்மாவின் தலைமாட்டில், ஜன்னல் விளிம்பில், அந்தத் தொட்டி இருந்தது. அதில் ஒரு கற்றாழை. மடல் ஒவ்வொன்றும் தண்ணீர் கோத்துப் புடைத்துக் கிடந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மகள் அம்மாவின் நெற்றியைத் தொடப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் நெற்றியைத் தாண்டிக் கையை நீட்டித் தொட்டி மண்ணைத் தொட்டாள். மேலே பச்சையாக ஏடு படிந்து காய்ந்திருந்தது. விரலை அழுத்தினால் அடியில் ஈரம். இது இன்று காலை ஊற்றிய ஈரமா, நேற்றையதா? ஆயிரம் பச்சையைப் பிரித்துச் சொல்லும் கண்ணுக்கு இது ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதையும் சொல்கிற முகத்தோடு இல்லை.

குடித்திருந்தால், அப்பாவின் கையே அம்மாவுக்கு வினையாகியிருக்கலாம். அதைத் தட்டில் எடுத்து வைத்தது தன் கை. குடிக்காமல் ஊற்றியிருந்தால், அப்பா தலைதட்டித் தலைதட்டிக் கலக்கியதெல்லாம் ஒரு கற்றாழைக்குப் போயிருக்கிறது. எந்த உண்மையைச் சொன்னாலும் அப்பாவிடம் ஒன்றும் மிஞ்சாது. சொல்லாமல் இருப்பதா? எத்தனை நாளைக்கு? அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து இயந்திரத்தின் மூடி படாரென்று விழும் சத்தம் கேட்டது.

ஓடினாள். அத்தை, அப்பாவின் தங்கை, சும்மா இருக்க முடியாமல் போர்வைகளையும் தலையணை உறைகளையும் திணித்து, சோப்புத்தூளும் போட்டு, பொத்தானில் விரலை வைத்திருந்தாள். சின்னவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை. அதுல அம்மா துணி இருக்கு."

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் வாசனை போய்விடக் கூடாது என்று குழந்தை தவிக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். என் தங்கமே, துவைக்கலடி, துவைக்கல என்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சின்னவள் ஒரு பாட்டிலுக்காக ஓடிவந்தவள். ஆனால் அத்தை அப்படி நினைத்ததுமே அதுவும் உண்மையாகிவிட்டது. அந்தத் துணிகளில் அம்மா இருந்தாள். நாளைக்கு இருக்க மாட்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.

வண்டி வந்தது. போனார்கள். மின்தகன மேடையில் தங்கள் முறைக்காக நீளமான பெஞ்சில் காத்திருந்தார்கள். அங்கேயும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் முருங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கதவு திறந்து மூடியபோதுதான் பேச்சு நின்றது. சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது மாலை வெயில் ஜன்னலில் இருந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, அண்ணன் அத்தையை பஸ் ஏற்றிவிடப் போனான். சின்னவள் ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பா வீட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தட்டு இருந்தது, மாத்திரைகள் இருந்தன. அலமாரியைத் திறந்தார், மூடினார், பிரிஜ்ஜைக்கூடத் திறந்து பார்த்தார்.

"பாப்பா, பொடி பாட்டில் எங்க?"

ஒரு கணம், உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று தோன்றியது. எழுந்து போய் இயந்திரத்துக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அது எப்படி அங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. வேட்டி நுனியால் பாட்டிலைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நிறம் எப்படி வந்திருக்கு? உன்னது மாதிரியே இருக்குல்ல? உன் மரத்துலதான் பறிச்சேன். சொன்னா ஏன் வெயில்ல அலையறீங்கன்னு திட்டுவே. அதான் நீ கடைக்குப் போனப்புறம் வருவேன்."

நல்ல நிறம் என்றாள். அவர் பாட்டிலை இறக்கினார். அதைப் பார்த்தபடியே, அன்றைக்குப் பேசிய பேச்சிலெல்லாம் இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"அவளுக்கு ஒத்துக்கிச்சுல்ல பாப்பா?"

சின்னவள் அவரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது இவருக்குள்ளும் எங்கேயோ கிடந்து உறுத்துகிறதா? அதற்காகத்தான் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாரா? அல்லது சும்மா கேட்கிறாரா? ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"ஒத்துக்கிச்சுப்பா. நல்லா ஒத்துக்கிச்சு."

அவர் தலையசைத்தார். பிறகு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெளிறிப்போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. ஸ்பூனின் மேல் கத்தி உரசும் சத்தம் கேட்டது. ஆவி பறக்கும் டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கொடுத்ததும் நினைவு வந்தவராக, இரு, அலசறதுக்கு வெந்நீர் மறந்துட்டேன் என்று மறுபடி உள்ளே போனார்.

கையில் டம்ளர். பக்கத்தில் ஜன்னல். எட்டும் தூரத்தில் கற்றாழைத் தொட்டி. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். அம்மா தினமும் உட்கார்ந்த இடத்தில், அம்மாவுக்குத் தினமும் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம் இது என்று சின்னவளுக்குத் தோன்றியது. தொட்டியைப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாயில் வைத்து ஒரே மூச்சாகக் குடித்தாள். பச்சைப் புல்லின் வாடை. தொண்டையில் பொடி நரநரத்தது.

அப்பா சின்னப் பாத்திரத்தில் வெந்நீரோடு வந்தார். காலி டம்ளரை வாங்கி எட்டிப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் கண்கள் நிறைந்தன.

"உங்கம்மாவும் இப்படித்தான். நான் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள குடிச்சு முடிச்சிருப்பா."

டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த பச்சையில் கொஞ்சம் வெந்நீர் விட்டு, சுழற்றி, மறுபடி நீட்டினார். சின்னவள் வாங்கிக்கொண்டாள்.